மூன்றாம் மாடிக்குப் போன ஒன்றரை ஏக்கர்

மாரியாயி தினமும் விடிந்ததும் முதல் வேலையாகத் தன் நிலத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். கிணற்று மூலையில் தொடங்கி, வரப்பை விட்டு இறங்காமல் நடந்து, வேலியோரமாகத் திரும்பி, மறுபடி கிணற்றடிக்கு வந்து நிற்கும்போது ஐந்நூற்றுப் பன்னிரண்டு எட்டு ஆகியிருக்கும். பத்தொன்பது வருடத்துப் பழக்கம் அது. மழையிலும் நடந்தாள், காய்ச்சலிலும் நடந்தாள், மகள் வேணியின் கல்யாணத்தன்று பட்டுப்புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டும் நடந்தாள். ஒரு தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை அவள் கிணற்றடிக்குத் திரும்பியபோது எண்ணிக்கை நானூற்றுத் தொண்ணூறில் நின்றுவிட்டது. இடையில் எங்கோ தவறவிட்டோம் என்று மறுபடி சுற்றினாள், நானூற்றுத் தொண்ணூறு. மூன்றாம் சுற்றில் எதிரே வந்தவர்களிடம் வாய் திறக்காமல், விரல் மடக்கி எண்ணினாள். அதே எண். நிலம் இருபத்திரண்டு எட்டு குறைந்திருந்தது. மின்சாரம் ஒன்பது மணிக்கு நின்றுவிடும் என்பதால் அவள் அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்காமல், இருக்கிற வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனாள்.

உப்பிலியபுரத்தை அடுத்து, பச்சைமலை அடிவாரத்தில் இருக்கும் கருங்காட்டுப்பட்டியில் நிலத்தகராறு புதிதன்று. ஆனால் எதிராளி இல்லாத தகராறு அதுவே முதல். குறைந்த இடத்தில் பள்ளமும் இல்லை, வெடிப்பும் இல்லை. விழுந்த பல்லின் இடத்தைப் பக்கத்துப் பற்கள் நெருங்கி மூடிக்கொள்வதுபோல அண்டை நிலங்கள் நெருங்கி வந்து நின்றன. பக்கத்து நிலத்துக்காரர் அமிர்தசாமி, பழி தன் தலையில் விழுமே என்று பயந்து, யாரும் கேட்பதற்கு முன்பே கயிறும் நான்கு சாட்சிகளுமாக வந்து தன் நிலத்தை அளந்து காட்டினார். அது ஓர் அங்குலமும் கூடியிருக்கவில்லை. "உங்க காடு எங்கிட்ட வரலைக்கா. வந்தா வந்துச்சுன்னு சொல்லிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆடியில் நிலம் இன்னும் இருபத்தொரு எட்டு குறைந்தது. கார்த்திகையில் மறுபடியும் குறைந்தது. அதற்குப் பிறகு வருடத்துக்கு மூன்று முறை குறைவது வழக்கமாகிவிட்டது, ஊராரும் மார்கழிப் பனியை விசாரிப்பதுபோல, "இந்தத் தடவை எத்தனை எட்டு?" என்று விசாரிக்கப் பழகிக்கொண்டார்கள்.

விஷயத்தின் வேர் வேறிடத்தில் இருந்தது. அந்த ஒன்றரை ஏக்கரை மாரியாயியின் கணவன் அழகர்சாமி, திருச்சி தென்னூரில் குடியிருந்த பாக்கியநாதன் என்பவரிடம் கிரயம் வாங்கியிருந்தான். பாக்கியநாதன் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர். அவருடைய தகப்பனார் விட்டுப்போன நிலம் அது. பத்திரம் முறையாகப் பதிவானது. பட்டாவை மட்டும் அழகர்சாமி தன் பெயருக்கு மாற்றவில்லை. கிணற்று மோட்டாருக்கான இலவச மின் இணைப்பு பாக்கியநாதன் பெயரில் இருந்தது. பட்டாவில் பெயர் மாறினால் இணைப்பிலும் மாற்ற வேண்டிவரும், மாற்றப் போனால் இணைப்பைப் பிடுங்கிக்கொண்டு வரிசையின் கடைசியில் நிற்க வைத்துவிடுவார்கள் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னதை அவன் வேதவாக்காக எடுத்துக்கொண்டான். போதாததற்கு, படித்தவர் பெயர் தாளில் இருந்தால் அலுவலகங்களில் ஒரு மரியாதை கிடைக்கும் என்றும் நம்பினான். பதிவு நாளன்று அழகர்சாமி வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டே பாக்கியநாதன், "எப்ப வேணாலும் கூப்பிடுங்க, வந்து கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்று சொல்லியிருந்தார். அழகர்சாமி கூப்பிடவேயில்லை. பதினெட்டு வருடம் அந்த நிலத்தில் வெங்காயம் போட்டுவிட்டு, ஒரு புரட்டாசியில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தான்.

நிலமுள்ள விவசாயிகளுக்கு வருடத்துக்கு மூன்று தவணையாக, தவணைக்கு இரண்டாயிரம் ரூபாயை வங்கிக் கணக்கில் நேராகப் போடும் திட்டம் வந்தபோது மாரியாயியும் விண்ணப்பித்தாள். பட்டா வேறு பெயரில் இருப்பதாகச் சொல்லித் தள்ளிவிட்டார்கள். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாயிரம் ரூபாய் இல்லாமலும் வெங்காயம் முளைக்கும். நிலம் இல்லாமல் முளைக்காது. ஆகவே அவள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதெல்லாம் நிலம் குறைவதைப் பற்றி மட்டும்தான். முதல் வருடம் அவளுடைய மனு ஆக்கிரமிப்புப் பிரிவுக்குப் போனது. ஆக்கிரமித்தவர் பெயரைக் குறிப்பிடவில்லை என்று திரும்பி வந்தது. இரண்டாம் வருடம் இயற்கைச் சீற்றப் பிரிவுக்குப் போனது. புயலின் பெயரையும் தேதியையும் குறிப்பிடவில்லை என்று திரும்பி வந்தது. மூன்றாம் வருடம் ஒரு சர்வேயர் வந்தார். சங்கிலி போட்டு அளந்தார், வரைபடத்தை விரித்துப் பார்த்தார், மறுபடி அளந்தார். வரைபடம் சரியாக இருப்பதாகவும், பிழை நிலத்தின் பக்கம்தான் என்றும் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

வேளாண்மை அலுவலகத்தில் மனு வாங்கும் மேசையில் ரெஜிஸ் என்ற இளைஞன் இருந்தான். அவன் நல்லவன், மாரியாயிக்கு அதுவே கூடுதல் எரிச்சல். தண்ணீர் கொடுப்பான், மின்விசிறிக்குக் கீழே உட்காரச் சொல்வான், தாளை வாங்கி முத்திரை குத்துவான், அதற்குமேல் ஒன்றும் நடக்காது. ஒருமுறை அவன், நிலம் இருக்கும்போது மனுக் கொடுத்தால்தான் நிலத்துக்கான மனுவாக ஏற்க முடியும், குறைந்த பகுதி இப்போது இல்லாததால் அதற்கு மனுதாரர் இல்லை என்று பொறுமையாக விளக்கினான்.

மாரியாயி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "சேத்துல சிக்கின எருமையைப் பார்த்து, கரையில நின்ன கொக்கு சொல்லுச்சாம் தம்பி. 'மொதல்ல மேல ஏறி வந்து எழுதிக் குடு, அப்புறம் உன்னைத் தூக்கி விடச் சொல்றேன்'னு. நீங்க பேசறது அப்படி இருக்கு."

"நான் என்னம்மா பண்றது? எனக்குத் தெரிஞ்ச வழியைத்தான் சொல்றேன்."

"கொக்கும் அதைத்தான் சொல்லுச்சு."

நான்காம் வருடத்துக் கடைசியில் நிலம் இருநூற்று அறுபது எட்டுக்கு வந்துவிட்டது. சுற்றில் பாதி, பரப்பில் முன்பிருந்ததில் கால்பங்கு. அடுத்த வெட்டு கிணற்று மூலையில் விழும் என்பது, குறைந்துவந்த போக்கைப் பார்த்த எவருக்கும் தெரிந்தது. கிணறு போய்விட்டால் மிச்சமிருப்பது ஆடு மேய்க்கத்தான் ஆகும். ஆடு வாங்கவும் மாரியாயியிடம் வழியில்லை. அவள் உரக்கடை காலண்டர் நான்கையும் எடுத்துக்கொண்டு ரெஜிஸிடம் போனாள். நிலம் குறைந்த நாட்களில் அடுப்புக்கரியால் சுழித்து வைத்திருந்தாள். மொத்தம் பன்னிரண்டு சுழி. ரெஜிஸ் முதல் காலண்டரைப் பார்த்தான், தன் மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த தாளைப் பார்த்தான், பிறகு நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டான். பன்னிரண்டும் உதவித்தொகை விழுந்த தேதிகள். அவன் அவளுடைய நிலத்தின் எண்ணைக் கணினியில் தட்டினான். அந்த நிலத்துக்குரிய தொகை ஒரு தவணைகூடத் தவறாமல் பாக்கியநாதன், தென்னூர், மூன்றாம் மாடி என்ற முகவரிக்காரருக்குப் போய்க்கொண்டிருந்தது.

"நிலம் எங்க போச்சுன்னு தேடிக்கிட்டிருந்தீங்களே, அங்கதாம்மா போயிருக்கு" என்றான் ரெஜிஸ். "பணம் போற எடத்துக்கு நிலமும் கூடப் போயிருக்கு. வழக்கமா இப்படி ஆகாது. ஆனா ஆகக் கூடாதுன்னு விதி ஒண்ணும் இல்ல."

வேணி ஸ்ரீரங்கத்தில் ஒரு மருந்துக்கடையில் பில் போடும் வேலையில் இருந்தாள். தாயார் மறுநாள் காலையில் வந்து நின்றதும் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கூடக் கிளம்பினாள். காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது, "அங்க போய்ச் சத்தம் போடாதம்மா, மொதல்ல என்னன்னு பார்ப்போம்" என்றாள். "சத்தம் போடறதுக்குத்தான்டி நாலு வருஷமா தொண்டையைக் காப்பாத்தி வெச்சிருக்கேன்" என்றாள் மாரியாயி. சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கித் தென்னூருக்கு ஷேர் ஆட்டோ பிடித்துப் போய், முகவரியிலிருந்த குடியிருப்பின் மூன்று மாடியையும் படியேறி, மூச்சு வாங்க மணியை அழுத்தினார்கள். கதவைத் திறந்தவள் பாக்கியநாதனின் மனைவி லூர்துராணி. புடவை விளிம்பில் ஈரச் சேறு, காலில் ரப்பர் செருப்பு, கையில் களைக்கொத்து. "பார்த்து வாங்க, வரப்பு வழுக்கும்" என்பதுதான் அவள் சொன்ன முதல் வார்த்தை.

கூடத்தில் சோபாவுக்கு அப்பால் நிலம் தொடங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் அது அறுநூற்று நாற்பது சதுர அடி வீடுதான். உள்ளே படுக்கையறைக் கதவு கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு தீப்பெட்டி அளவில் தெரிந்தது. வெள்ளைக் கூழாங்கல் கலந்த செம்மண்ணையும், அழகர்சாமி மூன்று கோடையில் தோண்டியும் பிடுங்க முடியாமல் விட்ட பனங்கட்டையையும் மாரியாயி பார்த்தாள். பனங்கட்டையின் மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் அதன்மேல் துவைத்த துணிகளும் இருந்தன. பால்கனிக் கம்பியில் நான்கு கொக்குகள் உட்கார்ந்திருந்தன. யார் எவரென்று விசாரிப்பதற்கு முன்பே லூர்துராணி தன் ஆற்றாமையைக் கொட்டத் தொடங்கிவிட்டாள். நான்கு வருடமாக இப்படித்தான், கட்டடம் கட்டியவன் ஏமாற்றிவிட்டான், தவணை முறையில் மண் தள்ளுகிறது, நான்கு தடவை அவன் வீட்டு வாசலில் போய்க் கத்தியாகிவிட்டது, ஆறு மாதத்தில் படிந்துவிடும் என்கிறான், குளியலறைக்குப் போக நான்கு நிமிடம் நடக்க வேண்டும், அவசரத்துக்கு எப்படி நடப்பது, தண்ணீர் அதிகம் செலவாகிறது என்று சங்கச் செயலாளர் இரட்டைக் கட்டணம் வாங்குகிறார், பயிர் வாடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் மனசு வரவில்லை, வாளி வாளியாக ஊற்றுகிறேன். "வெங்காயம் மட்டும் நல்லா வருதும்மா. அதைச் சொல்லணும். நாலு வருஷமா கடையில வாங்கலை."

அப்போது தூரத்தில் படுக்கையறைக் கதவு திறந்து, பாக்கியநாதன் கையில் செய்தித்தாளோடு வரப்பின்மேல் நடந்து வரலானார். எழுபது வயது, ஒல்லி உடம்பு, கண்ணாடி. பாதி தூரம் வந்ததும் விருந்தாளி யாரென்று கண்ணுக்குத் தட்டுப்பட்டிருக்க வேண்டும். நடை தளர்ந்தது. நான்கு நிமிடத் தூரத்தை அவர் ஏழு நிமிடத்தில் கடந்தார். அத்தனை நேரமும் மூன்று பெண்களும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த வீட்டில் நடுவழியில் ஒதுங்கி நிற்க ஒரு தூண்கூட இல்லை.

"உப்பிலியபுரத்துலேர்ந்து வரேன் சார். அழகர்சாமி சம்சாரம்" என்றாள் மாரியாயி.

பாக்கியநாதன் தலையசைத்தார்.

"யாருங்க அழகர்சாமி?" என்றாள் லூர்துராணி.

"சார்கிட்ட நிலம் கிரயம் வாங்கினவரும்மா."

"எந்த நிலத்தை?"

"நீங்க நிக்கறீங்களே, அதைத்தான்."

லூர்துராணி குனிந்து தன் காலடியைப் பார்த்தாள், களைக்கொத்தைப் பார்த்தாள், கடைசியாகக் கணவரைப் பார்த்தாள். விவரம் அவரிடமிருந்து துண்டு துண்டாக வந்தது. ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று எடுக்கப் போன நெட் சென்டரில், பிரவீன்ராஜ் என்ற பையன் அவர் பெயரைத் தட்டியதும் ஒன்றரை ஏக்கர் பட்டா திரையில் வந்திருக்கிறது. "உங்க பேர்ல நிலம் இருக்கே சார், உதவித்தொகைக்குப் போட்டுவிடவா?" என்று கேட்டிருக்கிறான். விற்றாகிவிட்டது என்று சொல்ல அவர் வாயெடுத்தார், அதற்குள் பையன் கட்டைவிரலைக் கருவியில் வைக்கச் சொன்னான், வைத்தார். முதல் தவணை விழுந்த அன்றே சோபாவுக்குப் பின்னால் மண் வந்தது. அவருக்கு அன்றே புரிந்துவிட்டது. புரிந்ததைச் சொல்ல நான்கு வருடமாக ஒரு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பட்டா என் பேர்லதான் இருந்துச்சு ராணி. நான் பொய் ஒண்ணும் சொல்லலை."

"யாராவது கேட்டாத்தானே சொல்றதுக்கு! பில்டர் வாசல்ல நான் தொண்டை கிழியக் கத்தினேனே, பக்கத்துல நின்னு 'ஆமாம் ஆமாம்'னு தலையாட்டினீங்களே, அது என்ன?"

பாக்கியநாதன் மாரியாயியின் பக்கம் திரும்பி, வாங்கிய இருபத்து நான்காயிரத்தையும் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். மாரியாயி அந்த நொடிக்காகத்தான் தொண்டையைக் காப்பாற்றி வைத்திருந்தாள். ஆனால் பனங்கட்டையைப் பார்த்த பிறகு அவளுக்குச் சத்தம் எழும்பவில்லை. "காசை சர்க்காருக்கே கட்டிக்குங்க சார். அடுத்த தவணை மாசியில வருதாம். அதுல என் கிணறு போயிடும். கிணறு போச்சுன்னா நான் அந்த மிச்ச மண்ணைத் தலையிலயா கொட்டிக்கறது? அது இங்க வந்து உங்க அடுப்படியில நிக்கும். உங்களுக்கும் அது எதுக்கு?"

லூர்துராணி சமையலறையை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். பிறகு கணவரிடம் சொன்னாள்: "இதைத் தீர்க்கற வரைக்கும் நீங்க பூசையில நன்மை வாங்க வரிசையில நிக்கக் கூடாது. நின்னா நான் அங்கயே சாமியார்கிட்ட சொல்லுவேன். சத்தமா." அவர் நாற்பது வருடமாக ஒரு ஞாயிறுகூட விடாமல் நற்கருணை வாங்கியவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாரும் எழுந்து போனபோது அவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலியா என்று மூன்று பேர் விசாரித்தார்கள்.

தன்னைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி அவர் ரெஜிஸின் மேசைக்கு வந்தார். முப்பது வருடம் அலுவலகத் தாள்களோடு வாழ்ந்தவர். ஒரு மனுவில் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தார். ரெஜிஸ் அவருக்கும் தண்ணீர் கொடுத்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தான்.

"சேர்க்கறதுக்கு வழி இருக்கு சார். செத்துப்போனவங்களை எடுக்கறதுக்கும் வழி இருக்கு. உயிரோட இருக்கறவர் வேண்டாம்னு சொன்னா எடுக்கறதுக்குத்தான் வழி இல்ல. இதுவரைக்கும் யாரும் அப்படிச் சொன்னதில்ல."

"அப்ப நான் சாகணுமா?"

"அதுக்கும் சான்றிதழ் வேணும் சார். நாளாகும். மாசித் தவணைக்குள்ள வராது."

அவர் ஆறு முறை வந்தார். ஒருமுறை மேலதிகாரி வெளியூர் போயிருந்தார். ஒருமுறை இணையம் போயிருந்தது. ஒருமுறை எல்லாம் இருந்தும், பணத்தைத் திருப்பிக் கட்டிய ரசீது இருந்தால்தான் நீக்க முடியும், நீக்கிய ஆணை இருந்தால்தான் பணத்தைத் திருப்பிக் கட்ட முடியும் என்று இரண்டு மேசைக்காரர்கள் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். அந்த மேசைகளுக்கு நடுவில் நின்றபோதுதான், தன்னைப்போல ஆறு முறையல்ல, நான்கு வருடம் இதே தரையில் ஒரு பெண்பிள்ளை நின்றிருக்கிறாள் என்பது அவருக்கு உறைத்தது. அன்று மாலை தவணைக்கு மூன்று நாள்தான் இருந்தது. அவர் நேராக வங்கிக்குப் போய்த் தன் கணக்கையே மூடிவிட்டார். ஓய்வூதியமும் அதே கணக்கில்தான் வந்துகொண்டிருந்தது. மேலாளர் இரண்டு முறை நினைவூட்டினார். இரண்டு முறையும் தெரியும் என்றார்.

மாசி ஐந்தாம் தேதி காலை பத்து மணிக்குக் கருங்காட்டுப்பட்டி டீக்கடையில் தவணை விழுந்த செய்தியோடு எல்லாருடைய செல்போன்களும் ஒருசேர ஒலித்தன. மாரியாயி கிணற்றின் உறைக்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அமிர்தசாமியும் இன்னும் ஏழெட்டுப் பேரும் கிணற்றைச் சுற்றி ஒரு தேர்வடத்தைக் கட்டிப் பிடித்திருந்தார்கள். அதனால் பயன் உண்டா என்று யாருக்கும் தெரியாது, சும்மா நிற்பதற்கு அது மேல். கிணறு முனகியது. தண்ணீர் பால்போலக் கலங்கியது. மோட்டார்க் கொட்டகையோடு சேர்ந்து அது தென்கிழக்காக, திருச்சி இருக்கும் பக்கமாக, ஒரு சாண் நகர்ந்தது. அங்கே போய்ச் சேரக் கணக்கு எதுவும் இல்லை என்று தெரிந்ததும் நின்றுவிட்டது. இன்றும் அது அந்த ஒரு சாண் தள்ளித்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு மூன்று மாதம் பாக்கியநாதனுக்கு ஓய்வூதியம் வரவில்லை. லூர்துராணி இரண்டு வளையல்களை அடகு வைத்துக் குடும்பத்தை நடத்தினாள். வைத்ததைத் தினமும் ஒருமுறை சொல்லிக்காட்டவும் செய்தாள். பாக்கியநாதன் பழைய பத்திரத்தின் நகலை எடுத்து, விசாரணைக்கு நேரில் நின்று, விற்றது நான்தான் என்று மூன்று அதிகாரிகள் முன்னிலையில் மூன்று முறை எழுதிக் கொடுத்து, ஆனி மாதம் பட்டாவை மாரியாயி பெயருக்கு மாற்றினார். மின் இணைப்பின் பெயரும் அதே வாரம் மாறியது. யாரும் எதையும் பிடுங்கவில்லை. அழகர்சாமி பதினெட்டு வருடம் பயந்த காரியம் இருபது நிமிடத்தில் முடிந்தது. பட்டாவைக் கையில் வாங்கிய மாரியாயி, அதை அடித்துத் துவைத்துவிடலாமா என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

நிலம் திரும்பவில்லை. ரெஜிஸ் தாள்களை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, பெயரை மாற்றத்தான் ஆணை இருக்கிறது, மண்ணை மாற்ற ஆணை இல்லை என்று மனமார வருத்தப்பட்டான். அன்று பாக்கியநாதன் தன் வீட்டுக்குத் திரும்பியதும், லூர்துராணி நீட்டிய உரச்சாக்கையும் மண்வெட்டியையும் வாங்கிக்கொண்டு, கடைசித் தவணையில் வந்த பகுதியை, சோபாவின் காலிலிருந்து தொடங்கி வெட்டி அள்ளினார். எவ்வளவு அள்ளினாலும் ஒரு சாக்குக்கு மேல் ஆகவில்லை. அந்தியில் பார்த்தபோது அந்த இடத்தில் பழைய மொசைக் தரை வெளியே வந்திருந்தது. குளியலறை அரை நிமிடம் கிட்டத்தில் இருந்தது. பன்னிரண்டு தவணை, பன்னிரண்டு சாக்கு. சனிக்கிழமைதோறும் அவர் ஒரு சாக்கைத் தோளில் வைத்து மூன்று மாடி இறங்கி, துறையூர் பஸ் ஏறி, அங்கே இன்னொரு பஸ் மாறினார். முதல் நாள் கண்டக்டர் சாக்கைத் தட்டிப் பார்த்தார்.

"என்ன சார் இது?"

"நிலம்."

"எவ்வளவு?"

"பத்து சென்ட் இருக்கும்."

"பத்து சென்ட்டுக்கு லக்கேஜ் எப்படிப் போடறது? டிக்கெட் மெஷின்ல கிலோதான் சார் இருக்கு. சரி, கால்ல படாம உள்ள தள்ளிக்குங்க."

வரப்பில் சாக்கை அவிழ்த்துக் கொட்டினால், மண் தூக்கத்தில் புரண்டு படுப்பவனைப்போல ஒரு சத்தம் போட்டுவிட்டுத் தன் அளவுக்கு விரிந்து கொடுக்கும். அமிர்தசாமியின் நிலம் மறுபக்கம் நகர்ந்து இடம்விடும். மாரியாயி ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து நின்று பார்ப்பாள். "வாங்க" என்பாள், தண்ணீர்ச் செம்பை நீட்டுவாள், அதோடு சரி. ஐந்தாவது வாரம் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் பண்ணினது தப்பும்மா" என்றார். "அது தெரிஞ்சதுதானே சார். சாக்கை நனைய விடாம வெச்சு எடுத்துட்டுப் போங்க" என்றாள். பனங்கட்டை இருந்த சாக்கு ஒன்பதாவதாக வந்தது. அதைக் கொட்டியபோது மட்டும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

கடைசிச் சாக்கோடு லூர்துராணியும் வந்திருந்தாள். சோபா இடுக்கிலும் மிதியடிகளிலும் ஒட்டியிருந்ததையெல்லாம் உதறிக் கூட்டித் தனியாக ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தாள். நிலம் முழுதாகிவிட்டது என்பதை அளக்காமலே பார்க்க முடிந்தது. மண்ணை வரிசை வரிசையாக மேடு கட்டிப் பார்கள் பிடித்து, தண்ணீர் கட்டி, விதை வெங்காயம் கூடைகளில் தயாராக இருந்தது. ஊன்ற வந்திருந்த பெண்களில் ஓர் ஆள் குறைந்தது. மாரியாயி கூடையையும் பார்த்தாள், பாக்கியநாதனையும் பார்த்தாள்.

"மத்தியானப் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குங்களா சார்?"

அவர் சட்டையைக் கழற்றி வேலியில் மாட்டினார். ஒரு பாரின் தலைமாட்டில் குத்தவைத்து உட்கார்ந்து, மடியில் வெங்காயத்தை அள்ளிப் போட்டுக்கொண்டு ஊன்றத் தொடங்கினார். பக்கத்துப் பாரில் இருந்தவர்கள், "சார் பரீட்சைப் பேப்பர் அடுக்கற மாதிரி அடுக்கறாரு பாரு", "நாலு விரக்கடை விடுங்க சார், வெங்காயத்துக்கும் மூச்சு விடணும்ல" என்று வம்பிழுத்தார்கள். லூர்துராணி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். அவர் நிமிரவில்லை. மாரியாயி அவர் பின்னாலேயே பாரைத் தொடர்ந்து வந்து, கோணலாக ஊன்றியிருந்த ஒவ்வொன்றையும் பிடுங்கி, மறுபடி அவர் கையிலேயே கொடுத்தாள்.